தாயில்லாக் குட்டிக்கு எந்தப் பால்?

கேள்வி இதுதான். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஓர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மூன்று பூனைக்குட்டிகள். கண் இன்னும் திறக்கவில்லை, தாய் நேற்று இரவிலிருந்து வரவில்லை, குட்டிகள் அப்போதிலிருந்து கத்துகின்றன. பாட்டி பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுக்கச் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்காரர் லாக்டோஜென் டப்பாவை எடுத்து நீட்டியிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா ஆட்டுப்பால்தான் ஒத்துக்கொள்ளும் என்கிறார். மூன்றில் எது சரி? ஆபீஸ் வளாகத்தில் கிடைத்த அணில் குட்டிக்கும் அதையே கொடுக்கலாமா?

மூன்றும் வேண்டாம். பூனைக்குட்டிக்கென்றே வரும் பால் பவுடர் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஓரிரு வேளை என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன். அணில் கதை வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பாட்டி சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லாருமே நம்புவது அதைத்தான். பசும்பால் கனம், பச்சைக்குட்டிக்குச் செரிக்காது, தண்ணீர் விட்டு நீர்க்கக் கொடுத்தால் லேசாகிவிடும் என்ற எண்ணம். உண்மை தலைகீழ். பூனைத்தாயின் பாலோடு ஒப்பிட்டால் பசும்பால்தான் நீர்த்த பால். பசும்பாலில் புரதம் நூற்றுக்கு 3 சொச்சம், கொழுப்பு 3.5 முதல் 4. பூனைப்பாலில் புரதம் 7க்கு மேல், கொழுப்பும் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாய்ப்பால் இன்னும் கொழுப்பானது, 9 சதவீதத்தைத் தொடும். பசும்பாலில் கூடுதலாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. பாலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் பசும்பாலில் இந்தச் சர்க்கரையிலிருந்து வருகிறது. பூனை, நாய்ப் பாலில் அது 10 முதல் 15 சதவீதம்தான். குட்டியின் குடலில் அந்த அளவுக்கு ஏற்றபடிதான் இதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி சுரக்கும். செரிக்காமல் மிஞ்சிய சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நொதித்து, தண்ணீரை இழுத்து, பேதியாகிறது. தண்ணீர் ஊற்றினால் இந்த விகிதம் மாறுமா? மாறாது. சர்க்கரைக்கும் சத்துக்கும் உள்ள கணக்கு அப்படியேதான் இருக்கும், வயிறு மட்டும் தண்ணீரால் ரொம்பும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 150 கிராம் எடையுள்ள ஒரு குட்டி. அதன் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது 100 கிராமுக்கு 4 மில்லி வீதம் 6 மில்லி. ஒரு நாளைக்கு அதற்கு 30 கலோரியாவது வேண்டும். சரியாகக் கலந்த பூனைப்பால் பவுடர் மில்லிக்கு ஏறக்குறைய 1 கலோரி தரும். அப்படியானால் 30 மில்லி, ஐந்து வேளையில் முடிந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பசும்பாலோ மில்லிக்கு 0.3 கலோரிதான். நாளுக்கு 90 மில்லிக்கு மேல் ஏற்ற வேண்டும், அதாவது பதினைந்து பதினாறு வேளை. இரவும் பகலும் மூன்று மணிக்கொரு தரம் எழுந்தாலும் எட்டு வேளைதான் வரும். வயிறு உப்பி, கத்திக்கொண்டே, நாளுக்கு நாள் இளைத்து, நான்காம் ஐந்தாம் நாளில் போய்விடும் குட்டிகளில் பல இப்படிப் பட்டினியால் போனவை. “பால் குடித்துக்கொண்டுதான் இருந்தது, திடீரென்று செத்துவிட்டது” என்று கிளினிக் வாசலில் நின்று சொல்வார்கள். அது திடீரென்று நடந்ததல்ல.

லாக்டோஜென், நான் (NAN) போன்ற குழந்தைப் பவுடர்களைப் பற்றி. மனிதக் குழந்தைக்கு நல்லது, குட்டிக்கு இன்னும் நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தாய்ப்பாலே புரதம் குறைந்த, சர்க்கரை மிகுந்த பால். புரதம் ஏறக்குறைய 1 சதவீதம், லாக்டோஸ் 7 சதவீதம். நம் பிள்ளை பிறந்த எடையை இரட்டிப்பாக்க ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும், அதற்கு அது போதும். பூனைக்குட்டி அதை இரண்டு வாரத்தில் முடிக்கிறது. குழந்தைப் பவுடரைத் தாய்ப்பாலைப் பார்த்துத்தான் செய்கிறார்கள், ஆகவே பூனைக்கு அது பசும்பாலைவிடவும் மோசம். செரிலாக்கை இந்த வயதில் தொடவே வேண்டாம், அது மாவு. மெடிக்கல் ஷாப்காரரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் இருப்பதை அவர் எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டுப்பால் மேல் ஒரு பக்தியே இருக்கிறது. அதன் கொழுப்புத் துளிகள் சின்னவை, செரிமானம் கொஞ்சம் சுலபம், அவ்வளவு உண்மை. லாக்டோஸ் பசும்பாலைவிடச் சற்றுத்தான் குறைவு, புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஓர் இரவைத் தள்ள உதவும், ஒரு மாதம் வளர்க்க உதவாது. சிவாஜிநகர் பக்கம் ஆடு வளர்ப்பவர்களிடம் கறந்த பாலாக வாங்கினால் கட்டாயம் காய்ச்சுங்கள். புருசெல்லா கிருமி பச்சைப்பாலில் வரும், அது உங்களையும் பிடிக்கும். கடையில் கிடைக்கும் லாக்டோஸ் இல்லாத பாலும் இப்படித்தான். பேதிப் பயம் குறையும், பட்டினி குறையாது. அமுல் விற்கும் லாக்டோஸ் ஃப்ரீ பாலில் சர்க்கரையை ஏற்கெனவே உடைத்து வைத்திருக்கிறார்கள், புரதத்தைக் கூட்டி வைக்கவில்லை. நந்தினி நீல பாக்கெட் டோன்டு பால், கொழுப்பு 3 சதவீதம், இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. மில்க்மெய்டும் டீக்குப் போடும் டெய்ரி ஒயிட்னரும் சர்க்கரை சேர்த்தவை, எடுத்து ஓரமாக வையுங்கள்.

பூனைக்கு இன்னொன்று உண்டு. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவு செய்துகொள்ளாது, உணவில்தான் வர வேண்டும். அது நெடுநாள் குறைந்தால் கண்ணின் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். பூனைக்கான நல்ல பவுடரில் அதைச் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் நாய்க்குட்டிப் பவுடரைப் பூனைக்குக் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது என்கிறோம். ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை.

கடையில் என்ன கேட்பது? “பூனைக்குட்டிக்கான மில்க் ரீப்ளேசர்” என்று கேளுங்கள். வெறும் “கேட் மில்க்” என்று கேட்டால் வளர்ந்த பூனைக்குத் தின்பண்டம்போல் கொடுக்கும் சின்ன அட்டைப்பெட்டிப் பானத்தைக் கொடுத்துவிடுவார்கள். “பப்பி வீனிங்”, “ஸ்டார்ட்டர்” என்று போட்டவை பால் மறக்கடிக்கும் காலத்து உணவு, மூன்று நான்கு வாரத்துக்கு அப்புறம்தான். ராயல் கேனின் பேபிகேட் மில்க், பெட்ஆக் நிறுவனத்தின் கேஎம்ஆர், பீஃபார் பால் பவுடர் என்று பெயர்கள் கிடைக்கும். எனக்கு பிராண்டு மேல் பெரிய பிடிவாதம் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். புரதம் 30 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 25க்குக் குறையாமல், டாரின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பொருள் பட்டியலில் கோதுமை மாவு, சோள மாவு, சர்க்கரை முன்வரிசையில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெரிய டப்பாவைத் திறந்து கால் கிலோ கவரில் கட்டி விற்கும் கடைகள் சிவாஜிநகரிலும் உண்டு, மற்ற இடங்களிலும் உண்டு. மலிவுதான், ஆனால் கொழுப்பு மிகுந்த பவுடர் காற்றுப் பட்டால் காறிப்போகும், என்றைக்குத் திறந்தது என்று யாருக்குத் தெரியும்? சீல் உடையாத சின்ன டப்பாவே வாங்குங்கள். இராத்திரி பத்து மணிக்கு என்றால் இந்த ஊரில் டெலிவரி ஆப்களில் தேடிப் பாருங்கள், சில நேரம் கிடைத்துவிடும்.

கிடைக்கவே இல்லை, விடியும்வரை ஓட்ட வேண்டும் என்றால் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கப் முழுக்கொழுப்புப் பால், அதில் மூன்று முட்டையின் மஞ்சள் கரு, ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, அடித்து வடிகட்டிக் கொள்வது. முட்டை புதியதாக இருக்கட்டும். வெள்ளைக் கரு வேண்டாம், பச்சையாக இருக்கும்போது அது பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும். தேனும் வேண்டாம். இது ஒரு நாளைக்கு, மிஞ்சினால் இரண்டு நாளைக்கு மட்டும். நாய்க்குட்டிக்கென்று சொல்லப்பட்டதுதான், அவசரத்துக்குப் பூனைக்கும் ஓட்டலாம்.

ஆனால் பாலுக்கு ஓடுமுன் குட்டியைத் தொட்டுப் பாருங்கள். வாய்க்குள் விரல் நுனி வைத்தால் சில்லென்றிருக்கிறதா? அப்படியானால் எந்தப் பாலும் கொடுக்காதீர்கள், உலகத்திலேயே உயர்ந்த பவுடரானாலும் சரி. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் குடல் நின்றுவிடும். உள்ளே போன பால் அங்கேயே புளித்துக் கிடக்கும், இல்லையென்றால் எதுக்களித்து நுரையீரலுக்குப் போகும். முதல் வாரத்துக் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் தெரியாது. பெங்களூரில் மார்கழி இரவு 15, 16 டிகிரி, மழைக்கால விடியற்காலையும் லேசுப்பட்டதல்ல. அதற்குத் தேவையோ பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு தாங்காவிட்டால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேறட்டும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். துவண்டு கிடந்தால் குளுக்கோஸ் கரைசலில் ஒரு சொட்டை ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

தாய் உண்மையிலேயே வரவில்லையா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். குட்டிகள் சூடாக, வயிறு ரொம்பி, அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் பக்கத்தில் நின்றால் அது வராது. குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிவிட்டு விலகிப் போனால், வந்துபோன கால்தடம் தெரிந்துவிடும். உங்கள் குட்டிகள் நேற்றிரவிலிருந்து கத்துகின்றன என்பதால் இனி காத்திருக்க வேண்டாம். பால் கொடுக்கும் வேறு பூனை யாரிடமாவது இருந்தால் அதனிடம் சேர்ப்பது எந்த டப்பாவையும்விட மேல்.

கொடுக்கும் முறையில்தான் பெரும்பாலான விபத்து நடக்கிறது. குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டுகிறார்கள். கூடாது. தாயின் மடியில் குட்டி எப்படிப் படுத்திருக்கும்? குப்புற, தலை லேசாக நிமிர்ந்து. அப்படியே மேசைமேல் மடித்த துண்டில் குப்புற வையுங்கள், முன்கால் பிசைய ஏதாவது அகப்படட்டும். பஞ்சில் நனைத்துச் சப்ப வைப்பதும் வேண்டாம், நூல் உள்ளே போகும். ஊசி நீக்கிய 2 மில்லி சிரிஞ்சின் நுனியில் குட்டிகளுக்கான சின்ன ரப்பர் நிப்பிளை மாட்டி, வாயோரமாக நுழைத்து ஒரு சொட்டு விடுங்கள். நாக்கு நிப்பிளைச் சுற்றிக் குழிந்து, காது லேசாக ஆடத் தொடங்கினால் உறிஞ்சுகிறது என்று பொருள். அப்புறம் நீங்கள் தள்ளவே வேண்டாம், அது இழுக்கும் வேகத்துக்குப் பிஸ்டனை விட்டுக்கொடுத்தால் போதும். பாட்டிலாக இருந்தால் கவிழ்க்கும்போது சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக்கூடாது. மூக்கில் பால் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நிமோனியா மறுநாள்தான் தெரியும்.

பவுடரைக் கலக்கும் அளவு டப்பாவுக்கு டப்பா வேறு. கேஎம்ஆர் மாதிரி சிலவற்றில் ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு தண்ணீர், மற்றவற்றில் ஸ்பூன் கணக்கு. எழுதியதைக் கூட்டவும் வேண்டாம், “முதல் நாள்தானே” என்று குறைக்கவும் வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கொடுக்கும்போது 38 டிகிரி, அதாவது மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் ஆறியிருக்கும், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். கலந்ததை ஃபிரிட்ஜில் 24 மணி நேரம்தான் வைக்கலாம். குடித்து மிஞ்சியதைக் கீழே கொட்டுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

ஒவ்வொரு வேளைக்கும் பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும். மூன்று வாரம்வரை தாய் நக்கினால்தான் சிறுநீரும் மலமும் வரும், தானாக வராது. இதைத் தெரியாமல் விட்டு, வயிறு கல்லான குட்டியைக் கொண்டுவருபவர்கள் இன்னும் வருகிறார்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் பற்றவில்லை. மலம் கடுகு நிறத்தில் பேஸ்ட்போல் இருந்தால் நன்று. தயிர்க்கட்டிபோல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீர்த்துப் போனால் முதலில் பவுடரை மாற்றாதீர்கள். பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறி ஊட்டியதுதான். ஒரு வேளை பாலுக்குப் பதில் ஓஆர்எஸ் கொடுத்து, அடுத்த வேளைகளில் அளவைக் குறைத்துப் பாருங்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும் பவுடர்தான் வேண்டும், டெட்ராபேக்கில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம். அரை நாளில் நிற்காவிட்டால் டாக்டர். குடற்புழுவும் கிருமியும் பாலைக் குற்றவாளியாக்கிவிட்டு ஒளிந்துகொள்ளும்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதி சந்தேகம் தீரும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். பூனைக்குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் நின்றால் கவனியுங்கள், இறங்கினால் காத்திருக்காதீர்கள்.

நாய்க்குட்டி கிடைத்தால் இதே வழிதான், நாய்க்குட்டிப் பவுடர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். தெருநாய்க் குட்டி என்பதால் இன்னொன்று: பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள். பிறந்தது முதல் தாய்ப்பால் ஒரு சொட்டும் குடிக்காத குட்டி என்றால், பூனையானாலும் நாயானாலும், மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை முதல் ஒரு நாளுக்குள்தான் குடல் உறிஞ்சும், எந்தப் பவுடரிலும் அது கிடையாது.

அணிலுக்கு வருவோம். அதன் தாய்ப்பால் நாய்ப்பாலைப் போலக் கொழுப்பு மிகுந்தது, ஆகவே பசும்பாலும் குழந்தைப் பவுடரும் இங்கேயும் தோற்றுப்போகும். கைவசம் இருப்பதில் நெருக்கமானது நாய்க்குட்டிப் பவுடர்தான். பூனைப் பவுடரைவிட அதில் பொதுவாகக் கொழுப்பு அதிகம். ஆனால் முதல் வேலை பால் அல்ல. கூடு விழுந்த மரத்தடியிலேயே சின்னத் தொட்டி ஒன்றில் துணி விரித்து வைத்து, பூனை, காக்கை அண்டாமல் தூரத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலும் தாய் இறங்கி வந்து குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறிவிடும். பகல் முழுக்க வராவிட்டாலோ, காயம் இருந்தாலோ வனவிலங்கு மீட்பவர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது. பெங்களூருக்கு கெங்கேரி பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது. பூனை, நாய் என்றால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி உண்டு. தேவாங்கு, வௌவால் கிடைத்தால் கை வைக்கவே வேண்டாம், முன்னது சட்டப்படி கடும் குற்றம், பின்னது கடித்தால் ஆபத்து. பறவைக் குஞ்சுக்கு எந்தப் பாலும் ஆகாது. அதன் குடலுக்கு லாக்டோஸ் பழக்கமே இல்லை, மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் வாயில் ஊற்றினால் மூழ்கிப்போகும்.

கெங்கேரிக்குக் கொண்டுபோகும்வரை அணிலைக் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட மூடிய பெட்டியில், இருட்டாக, கதகதப்பாக வையுங்கள். சூடேறிய பிறகு 1 மில்லி சிரிஞ்சில் ஓஆர்எஸ் இரண்டு மூன்று சொட்டு, குப்புற வைத்து, மெதுவாக. வண்டியில் போகும்போது ஊட்டாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டும்வரை கத்தினாலும் பரவாயில்லை.